நாளைப்போவார் ஊரிலிருந்து ஒரு பயணத் திட்டம்

காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஆழ்வார்திருநகரிக்கு மிதிவண்டியில் போய்வர வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. போகும் வழியும் நெடுஞ்சாலையாக இருத்தல் கூடாது. ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, ஏரிக்கரை, செம்மண் பாதை, பேருந்து எப்போதேனும் வந்துபோகும் சிற்றூர்ச் சாலை, இவற்றையே தொடுத்துக்கொண்டு போக வேண்டும். இரவில் விடுதியைத் தேடாமல் கூடாரம் அடித்தோ, கிடைத்த திண்ணையிலோ படுக்க வேண்டும். இவ்வகைப் பயணத்துக்கென்றே மேலைநாடுகளில் ஒரு வண்டி உண்டாக்கியிருக்கிறார்கள். ‘கிராவல் பைக்’ என்று பெயர். கிராவல் என்ற சொல் நம்மூர் லாரிக்காரர்களுக்கும் சாலைக் காண்டிராக்டர்களுக்கும் நன்கு தெரிந்ததுதான். பந்தய வண்டியைப் போல வளைந்த கைப்பிடியும், அதைவிடத் தடித்த, ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரும் கொண்ட அந்த வண்டி ஒன்றை என் நண்பர் சென்னையிலிருந்து வாங்கி வந்தார். அதைக் கண்ட நாளிலிருந்து என் பழைய ஆசைக்கு மீண்டும் உயிர் வந்தது.

இது பயணக் கட்டுரையன்று. பயணம் இன்னும் முடியவில்லை. திட்டம் போடத் தொடங்கி வரலாற்றுக்குள் இறங்கி, எதிர்பாராத ஓரிடத்தில் நின்றுவிட்ட கதை இது.

முதலில், ஏன் ஆழ்வார்திருநகரி என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அதற்கு விடை காட்டுமன்னார்கோயிலின் வீரநாராயணப் பெருமாள் சந்நிதியில் இருக்கிறது. வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்லும் செய்தியைச் சுருக்கமாகத் தருகிறேன். தென்திசையிலிருந்து வந்த அடியார் சிலர் இக்கோயிலில் நின்று, திருக்குடந்தைப் பெருமாளைப் பாடிய நம்மாழ்வாரின் பதிகம் ஒன்றைப் பாடினர். ஆயிரத்துள் இப்பத்து என்ற குறிப்பு அப்பதிகத்தின் முடிவில் வரக் கேட்டார் இவ்வூர்க்காரரான நாதமுனிகள். எஞ்சியவை எங்கே என்று அவர் வினவ, தாங்கள் அறிந்தது இவ்வளவே என்றனர் வந்தவர்கள். நாதமுனிகள் குடந்தைக்குச் சென்றார். அங்கிருந்து ஆழ்வார் பிறந்த குருகூருக்குச் சென்றார். அங்கே மதுரகவியாழ்வாரின் பாசுரங்களைப் பன்னீராயிரம் முறை ஓதி, நாலாயிரம் பாசுரங்களையும் பெற்று மீண்டார். குருகூர்தான் இன்றைய ஆழ்வார்திருநகரி.

புராணப் பகுதியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் இலக்கிய வரலாற்றில் ஆர்வமுள்ளவர் எவரும் தள்ளிவிட முடியாத உண்மை ஒன்று இதனுள் இருக்கிறது. பாட்டு பயணியின் நாவில் வந்தது. பத்துப் பாட்டு மட்டுமே வந்தது. மிச்சத்தைத் தேடி ஒருவர் நடந்துபோக வேண்டியிருந்தது. நடந்திராவிட்டால் நாலாயிரத்துள் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்?

இவ்வளவு பெரிய பயணத்தின் வழி எது? குடந்தை, குருகூர் என்னும் இரண்டு பெயர்களே கதையில் நிற்கின்றன. புறப்பட்ட ஊரும் சேர்ந்த ஊரும் நினைவில் இருக்க, நடுவில் கிடந்த நானூறு கிலோமீட்டர் மறைந்துபோயிற்று. அந்த நடுவழியைத்தான் வண்டியில் அளந்து பார்க்க விரும்பினேன்.

காலத்தைப் பற்றி ஒரு குறிப்பு. மரபு நாதமுனிகளின் பிறப்பை 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைக்கிறது. ஆனால் வீரநாராயணன் என்பது 907இல் அரியணையேறிய முதல் பராந்தக சோழனின் பட்டப்பெயர். ஊரும் ஏரியும் அப்பெயரைப் பெற்றது அவன் காலத்தில் என்றால், வீரநாராயணபுரத்து நாதமுனிகளை 10ஆம் நூற்றாண்டில் வைப்பதே பொருந்தும். ஆய்வாளர் பலரும் அவ்வாறே கொள்கின்றனர். அவர் இறுதிக்காலத்தில், வேட்டைக்கு வந்த அரசனையும் உடன்வந்தோரையும் இராமனும் சீதையுமாகக் கருதிக் கங்கைகொண்டசோழபுரம் வரை பின்தொடர்ந்து ஓடி உயிர்நீத்தார் என்றும் ஒரு கதை உண்டு. கங்கைகொண்டசோழபுரமோ முதலாம் இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்புக்குப் பிறகு, 1025ஐ ஒட்டி எழுந்த நகரம். ஆண்டுக் கணக்கில் கதை இடறுகிறது. ஆயினும் கதை சொன்னவர்களுக்குத் தெரிந்த சாலை ஒன்று அதில் பதிந்திருக்கிறது. காட்டுமன்னார்கோயிலுக்கும் சோழர் தலைநகருக்கும் இடையே இருபது கிலோமீட்டர் அளவே தொலைவு. ஆட்கள் ஓயாது போய்வந்த வழி அது.

*

திட்டத்துக்கு வருகிறேன். முதலில் பருவம். ஐப்பசியும் கார்த்திகையும் நம் பக்கத்தில் நீருக்கு உரியவை. வாய்க்கால் கரைகள் சேறாகிவிடும். சித்திரை வெயிலில் பகல் பத்து மணிக்குமேல் மிதிக்க இயலாது. எஞ்சுவது தையும் மாசியும். அப்போது வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். தெற்கு நோக்கிப் போகிறவனுக்கு அது முதுகில் கைவைத்துத் தள்ளும் தோழன். ஒரே இடையூறு, சம்பா அறுவடைக் காலமாதலால் கரைச்சாலை நெடுகிலும் நெல் காயும், வைக்கோல் பரந்து கிடக்கும். அவ்விடங்களில் இறங்கி உருட்டிக்கொண்டு போவதே மரியாதை. வைக்கோல் கொத்து பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் அரைமணி நேரம் போய்விடும் என்பது வேறு செய்தி.

அடுத்து வழி. கைப்பேசி வரைபடத்தில் இரண்டு ஊர்ப் பெயர்களையும் இட்டால், அது கண்ணிமைக்கும் நேரத்தில் நாற்கரச் சாலைகளைக் காட்டிவிடுகிறது. விரைவாகப் போகும் வழியே நல்ல வழி என்பது அதன் இலக்கணம். நமக்கு வேண்டியது எதிர்மறை இலக்கணம்.

முதல்நாள் வழி எனக்கு உள்ளங்கை போலத் தெரிந்தது. கொள்ளிடத்தின் கீழணையில் பிரியும் வடவாறுதான் வீராணத்துக்கு நீர் கொண்டுவருகிறது. அதன் கரையைப் பிடித்துக்கொண்டு எதிர்நீரோட்டமாகப் போனால் அணைக்கரையை அடையலாம். கீழணை 1836இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கட்டப்பட்டது. அதற்கான கல்லில் ஒரு பகுதி கங்கைகொண்டசோழபுரத்துக் கோயில் மதிலை இடித்து எடுத்தது என்பது வரலாறு. ஆகவே அணையைக் கடக்கிறவன் தன்னையறியாமல் இராசேந்திரன் மதில்மேல்தான் வண்டியோட்டுகிறான். அணைக்கரையிலிருந்து கும்பகோணம், அங்கிருந்து காவிரிக் கரையோரமாகத் தஞ்சாவூர்.

இவ்வழியைக் கேட்டதும் இலக்கிய நண்பர்கள் முகம் மலர்வதைக் காண்கிறேன். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப்பெருக்கு நாளில் வீராணத்து ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. வந்தியத்தேவன் கடம்பூரில் இரவு தங்கி, கொள்ளிடத்தை ஓடத்தில் கடந்து, குடந்தையில் சோதிடரைக் கண்டு, தஞ்சை போகிறான். கல்கி தம் நாயகனை அனுப்பிய வழியும் நாதமுனிகள் குடந்தை வரை போயிருக்கக்கூடிய வழியும் ஏறக்குறைய ஒன்றே. ஆற்றைக் கடக்கும் துறைகள் சிலவே; துறைகள் மாறாதவரை வழிகளும் மாறா.

தஞ்சைக்குத் தெற்கே எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. திருவரங்கம், அழகர்கோயில், மதுரை, திருவில்லிபுத்தூர் என்று வைணவத் தலங்களைத் தொட்டுக்கொண்டு போகும் உள்நாட்டு வழி ஒன்று. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மீமிசல், தொண்டி, இராமநாதபுரம், சாயல்குடி, தூத்துக்குடி என்று கடலோரமாகப் போகும் வழி மற்றொன்று. நாதமுனிகள் முதல் வழியில் போயிருக்கவே வாய்ப்பு மிகுதி என்று என் மனம் சொல்கிறது. ஆனால் இன்று அவ்வழியின் பெரும்பகுதி நாற்கரச் சாலையின் இரைச்சலுக்குள் இருக்கிறது. கடலோர வழியில் அமைதி மிகுதி. இராமநாதபுரத்துக்கு அருகே திருப்புல்லாணியும் இருப்பதால் வைணவப் பயணி அவ்வழி போகமாட்டார் என்றும் சொல்வதற்கில்லை. இரண்டாவதைத் தேர்ந்தேன். நாளுக்கு 60 கிலோமீட்டர், ஏழு நாள். ஒருநாள் ஓய்வு சேர்த்தால் எட்டு.

கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். வெளிநாட்டு வண்டியின் டயர் அளவும் நம்மூர் 28 அங்குல மிதிவண்டியின் டயர் அளவும் பெயரளவில் நெருங்கியவை போலத் தோன்றினாலும் ஒன்றுக்கொன்று பொருந்தா. பஞ்சர் கடை எல்லா ஊரிலும் உண்டு, டயர் கிடைக்காது. ஆகவே ஒரு டயர், இரண்டு டியூப், நாலைந்து கம்பி, சங்கிலிக் கண்ணி ஆகியவற்றைச் சுமந்தே ஆக வேண்டும். நானோ என் பழைய வண்டியிலேயே போவதென்று முடிவு செய்தேன். கேரியரில் படுக்கையைக் கட்டிக்கொண்டு உலகைச் சுற்றியவர்களே உண்டு. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி இளைஞர் அறுவரில் மூவர் 1928 மார்ச்சில் சுற்று முடித்துத் திரும்பினர். அவர்களிடம் பல்சக்கர மாற்றியும் இல்லை, கைப்பேசியும் இல்லை.

*

பருவம், வழி, கருவி மூன்றும் முடிந்தன. நான்காவது, இரவு.

இதில் நம் முன்னோர் காட்டிய அக்கறையைப் பார்த்து வியந்தேன். தருமபுரிப் பகுதியில் கிடைத்த ‘அதியமான் பெருவழி’ மைல்கல் ஒன்று நாவற்றாவளம் என்னும் இடத்துக்கு இன்னும் இருபத்தொன்பது காதம் என்று சொல்கிறது. எழுத்தில் சொல்கிறது; எண்ணில் சொல்கிறது; இரண்டும் படிக்கத் தெரியாதவருக்காகக் கல்லில் குழிகளாகவும் சொல்கிறது. பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது. தாவளம் என்பதற்குத் தங்குமிடம் என்று பொருள். தலைநகரம் எவ்வளவு தொலைவு என்பதைக் காட்டிலும், தலைசாய்க்கும் இடம் எவ்வளவு தொலைவு என்பதே வழிநடப்பவனின் கேள்வி என்று அக்கல்லை நட்டவன் அறிந்திருந்தான்.

காட்டுமன்னார்கோயிலிலேயே, உடையார்குடி அனந்தீசுவரத்தில் ஒரு புகழ்பெற்ற கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைக் கையகப்படுத்தி விற்ற செய்தி என்று எல்லோருக்கும் அதைத் தெரியும். முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 987. கொலைகாரர் யார் என்ற விவாதத்தில் நாம் மூழ்கிவிடுவதால், கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். அந்நிலத்தை விலைக்கு வாங்கிய ஒருவர், கோயிலில் அந்தணர் உண்பதற்காக அதை அறமாக வைத்த ஆவணம் அது. கொலையில் தொடங்கிச் சோற்றில் முடிகிறது.

தஞ்சை மராட்டியரிடம் வந்தால் இந்த அறம் பெருஞ்சாலை அளவுக்கு விரிகிறது. தஞ்சையிலிருந்து இராமேசுவரம் போகும் வழி நெடுகிலும் சத்திரங்கள் எழுந்தன. என் வழியில் வரும் ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி மன்னர் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் 1802ஆம் ஆண்டினது. சேதுபதி மன்னர்களும் தம் சீமையில் இவ்வாறே செய்தனர். சத்திரங்களின் வருவாயைக் கும்பினியார் எடுத்துக்கொள்ளலாகாது என்று வாதாடி 1801இல் சரபோசி ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் படிக்கத் தக்கது. பிராமணர் முதல் பறையர் ஈறாக, யோகி, சங்கமர், பைராகி என வருகிறவர் எவராயினும் சோறு உண்டு என்கிறார். சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் மளிகையும் தனியே உண்டு. நோயாளிக்கு மருந்து, குழந்தைக்குப் பால், அநாதைப் பிள்ளைகளுக்கு ஆசிரியர். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் உளரோ என்று அழைப்பது வழக்கம்.

இவற்றையெல்லாம் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்வது என் வழக்கம். சொல்லிவிட்டு, என் பயணத் திட்டத்தையும் பெருமையாகச் சொன்னேன். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் வந்தான். அரசு தந்த இலவச மிதிவண்டியில் அன்றாடம் கல்லூரிக்கு வருகிறவன்.

“ஐயா, ராத்திரிக்கு எங்கங்கய்யா தங்குவீங்க?”

“கோயில் மண்டபம், பள்ளிக்கூடத் திண்ணை, ஆத்தங்கரை… எங்கயாவது கேட்டுப் படுத்துக்க வேண்டியதுதாம்ப்பா.”

அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். “நீங்க கேட்டா குடுத்துடுவாங்கய்யா. எங்க பசங்க நாலு பேரு போய்க் கேட்டா, மொதல்ல எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேப்பாங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. டயரின் அளவைச் சொல்வதுபோலச் சொன்னான்.

*

அன்றிரவு நான் என் குறிப்பேட்டைத் திறந்தபோது, நான் பிறந்து வளர்ந்த வட்டத்திலேயே இன்னொரு பயணத் திட்டக்காரர் இருந்தது நினைவுக்கு வந்து நாணினேன். ஊருக்கெல்லாம் பெரியபுராணம் நடத்துகிறவனுக்கு இது தாமதமாகத் தோன்றியிருக்கக்கூடாது.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடும் திருநாளைப்போவார் நாயனாரின் ஊர் ஆதனூர். கொள்ளிடக் கரையிலிருந்த ஊர். காட்டுமன்னார்கோயில் வட்டத்து ஆதனூரையே அவ்வூராகக் கொள்கின்றனர். புலைப்பாடியில் பிறந்த நந்தனார் கோயில் முரசங்களுக்குத் தோலும் வாரும் தந்து தொண்டு செய்தவர். கொள்ளிடத்துக்குத் தெற்கே திருப்புன்கூர் சென்றார். வாயிலில் நின்றபடியே காண, நந்தி விலகி இடம் தந்தது. தில்லை போக வேண்டும் என்ற ஆசை மட்டும் தீரவில்லை. போனால் உள்ளே புக முடியாது என்று அறிந்து, நாளை போவேன், நாளை போவேன் என்று நாள் கழித்தார். அதுவே பெயராயிற்று.

காட்டுமன்னார்கோயிலுக்கும் சிதம்பரத்துக்கும் இடையே 25 கிலோமீட்டர் அளவே தூரம். விடியலில் புறப்பட்டால் உச்சிக்குள் நடந்துவிடலாம். என் மாணவன் மிதிவண்டியில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுவான். நாதமுனிகள் நானூறு கிலோமீட்டர் போனார். அதே வட்டாரத்து நந்தனாருக்கு இந்த 25 கிலோமீட்டர் எத்தனையோ நாளைகளாக நீண்டது. தமிழ் இலக்கியத்தில் பயணம் சென்றதால் பெயர் பெற்றவர் பலர். பயணத்தைத் தள்ளிப்போட்டதால் பெயர் பெற்றவர் இவர் ஒருவரே. இறுதியில் போகவும் போனார். எல்லையை வலம்வந்து வெளியே நின்றார். உள்ளே போவதற்கு எரிபுக வேண்டியிருந்தது.

விடுப்புத் தர மறுக்கும் வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில்தான் அந்தப் பண்ணையார் வருகிறார். கதைக்குப் புறம்பான சேர்க்கை என்று அதைக் கடிந்தவர்கள் உண்டு. எனக்கு அது 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சைச் சீமையின் உண்மையாகத் தோன்றுகிறது. சேக்கிழாரின் நந்தனாரைத் தடுத்தது தில்லையின் எல்லை. பாரதியாரின் நந்தனைத் தடுத்தது ஆதனூரின் வயல். புறப்படும் இடத்திலேயே பயணம் நிறுத்தப்பட்டது. புதுமைப்பித்தன் 20ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘புதிய நந்தன்’ கதையில் இருப்புப்பாதை வந்துவிடுகிறது. கதை முடிவதும் இருப்புப்பாதையில்தான்.

இவ்வெளிச்சத்தில் என் பழைய வியப்புகளை மறுபடி பார்த்தேன். உடையார்குடிக் கல்வெட்டின் சோறு அந்தணர்க்கு உரியது. சரபோசியின் சத்திரத்தில் எல்லோர்க்கும் சோறு இருந்தது. அதற்காக அவரைப் போற்றவே வேண்டும். ஆனால் எல்லோர்க்கும் உணவு உண்டு என்பதும், எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர் என்பதும் வெவ்வேறு. ஏன், மிதிவண்டி வந்த பிறகும்கூட, ஊர்த்தெருவில் சேரிக்காரர் வண்டியிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் 20ஆம் நூற்றாண்டில் இருந்தது. காய்கிற நெல்லுக்காக நான் இறங்கி உருட்டுவது மரியாதை என்று மேலே எழுதினேன் அல்லவா? ஒருவர் தம் பிறப்புக்காக இறங்கி உருட்டியது வேறு.

இதை மாற்ற முயன்றவர்களும் இதே மண்ணில் தோன்றினார்கள். சுவாமி சகசானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயராலேயே கல்விக் கழகம் கண்டார். நந்தனார் நுழைய முடியாத ஊரில், நந்தனார் பெயரில் பிள்ளைகள் உள்ளே வந்து தங்கிப் படித்தனர். காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த எல். இளையபெருமாள் 1952இல் நாடாளுமன்றம் சென்றார். தீண்டாமை பற்றி ஆராய 1965இல் மைய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமையேற்று, நாடு முழுதும் சுற்றி 1969இல் அறிக்கை தந்தார். ஆதனூர் வட்டத்திலிருந்து புறப்பட்ட பயணங்களில் இதுவே மிக நீண்டது என்பேன். மிதிவண்டியும் தன் பங்கைச் செய்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி கற்றனர். என் வழியில் வரும் மீமிசலும் கோட்டைப்பட்டினமும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. யார் புறப்படலாம் என்ற கேள்விக்கு இரண்டு சக்கரங்கள் தந்த விடைகளுள் அதுவும் ஒன்று.

*

பெரும்பயணத்துக்கு முன் ஒரு சோதனைப் பயணம் வேண்டும் என்பது இவ்வகைப் பயணிகளின் விதி. சுமையோடு வண்டி எப்படி ஓடுகிறது, கூடாரம் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்வதற்காக. சென்ற தையில் நண்பரும் நானும் புறப்பட்டோம். அந்த மாணவனையும் அழைத்தேன். காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஆதனூர், முட்டத்தில் கொள்ளிடப் பாலத்தைக் கடந்து மணல்மேடு, திருப்புன்கூர், வைத்தீசுவரன்கோயில், கொள்ளிடம் கடந்து சிதம்பரம், அங்கிருந்து ஊர். இரண்டு நாள். நாயனாரின் வழியை வரைபடத்தில் நெருக்கமாகத் தொட முயன்றதுதான்.

நண்பரின் வண்டி மணற்பாங்கான கரையில் மிதந்து சென்றது. என் வண்டி முனகியது. மாணவனின் இலவச மிதிவண்டியில் பின்னால் ஒரு போர்வையும் தண்ணீர்ப் புட்டியும் மட்டும். அவன்தான் எப்போதும் முன்னால் போனான். திருப்புன்கூரில் விலகிய நந்தியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது பொழுது சாய்ந்தது.

வழியில் ஓர் ஊரில் பொது மண்டபத்தில் படுக்க இடம் கேட்டேன். பொறுப்பிலிருந்தவர் என் தொழிலைக் கேட்டு எழுந்து நின்றார். பிறகு மாணவனைப் பார்த்து, தம்பி எந்த ஊர் என்றார். ஊரைச் சொன்னான். எந்தப் பக்கம் என்றார். அவன் சொன்னான். சாவி வைத்திருப்பவர் வெளியூர் போயிருப்பதாக அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

வகுப்பில் அவன் சொன்னது அப்படியே நிகழ்ந்ததைக் கண்டு நான் தலைகுனிந்து நின்றேன். அவன் அதற்குள் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தான். நாலு கிலோமீட்டரில் அத்தை வீடு இருக்கிறது, வரச்சொல்லுது என்றான்.

அத்தை வீட்டுத் திண்ணையில் மூவருக்கும் பாய் விரித்திருந்தது. அந்த அம்மாள் வாசலிலேயே நின்று தயங்கினார். “ஐயா எங்க வூட்ல சாப்புடுவீங்களா? இல்ல கடையில வாங்கியாரச் சொல்லட்டா?”

அந்த வினாவில் இருந்த நாகரிகம் என்னைச் சுட்டது. அவருக்கு இடமளிக்கும் உரிமை இருந்தது; அப்போதும், வந்தவனுக்குச் சங்கடம் வரக்கூடாதே என்று கவலைப்பட்டார். சாப்பிட்டோம். சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும். நண்பரின் விலையுயர்ந்த கூடாரம் உறையிலிருந்து வெளியே வரவேயில்லை.

படுத்திருக்கையில் சிறுவயதில் பார்த்த ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. வீராணத்து நீரைச் சென்னைக்குக் கொண்டுபோக வகுத்த முதல் திட்டம் 1970களில் நின்றுபோனதால், ஆள் நிமிர்ந்து நுழையக்கூடிய பெரிய குழாய்கள் சாலையோரமெங்கும் பல்லாண்டுகள் கிடந்தன. புதிய திட்டத்தில் 2004இல்தான் தண்ணீர் சென்னை போய்ச் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் வீடற்றவர்கள் அக்குழாய்களுக்குள் குடும்பம் நடத்தினார்கள். அடுப்புப் புகை குழாய் வாயில் வருவதைப் பேருந்துச் சன்னலில் இருந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குப் போட்ட வழி மனிதருக்குத் தாவளமாயிற்று. அவர்களிடம் யாரும் எந்தத் தெரு என்று கேட்டிருக்கமாட்டார்கள் என்று அப்போது தோன்றியது. உண்மையில் தெருவே கிடைக்காததால் குழாய்க்கு வந்தவர்கள் அவர்கள்.

மறுநாள் சிதம்பரத்தில் தெற்கு வாயிலருகே மூவரும் வண்டிகளைப் பூட்டிவிட்டு உள்ளே போனோம். மாணவன் முன்னால் போனான். திரும்புகையில் குமராட்சி வழியாக வந்தோம். வாடை அன்று பக்கவாட்டில் அடித்தது.

*

ஆழ்வார்திருநகரித் திட்டம் இப்போது மாறியிருக்கிறது. குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் தூரம், தண்ணீர், நிழல், பஞ்சர் கடை என்று நாலு கட்டங்கள் போட்டிருந்தேன். ஐந்தாவதாக ஒன்று சேர்த்திருக்கிறேன்: இரவில் யாரைக் கேட்பது. கட்டங்களை நிரப்புகிறவர்கள் என் மாணவர்கள். கும்பகோணத்தில் ஒருவனின் சித்தப்பா, பட்டுக்கோட்டைக்கு அருகே ஒருத்தியின் அக்கா வீடு, தொண்டியில் ஒரு மாணவனின் மாமா, சாயல்குடியில் ஒரு தலைமையாசிரியர். எல்லாத் தெருக்களும் கலந்த பட்டியல். அமைதியான வழி என்பதற்கு லாரி இரைச்சல் இல்லாத வழி என்று மட்டுமே பொருள் கொண்டிருந்தேன். நம்மோடு வருகிற கடைசி ஆளும் அச்சமின்றிப் படுத்துறங்கும் வழி என்ற பொருளை இப்போது சேர்த்துக்கொண்டேன்.

தூத்துக்குடிக்கு முந்தைய ஓர் இரவுக்கு மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை. வேம்பார்ப் பக்கத்து வாசகர் எவரேனும் இருந்தால், ஐந்து பேருக்குத் திண்ணை போதும்.

என்றைக்குப் புறப்படுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். இந்த ஊர்க்காரன் அதற்கு விடை சொல்வதில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. நாவில் முதலில் வருவது ‘நாளை’ என்ற சொல். ஆகவே தேதியாகவே எழுதி வைத்திருக்கிறோம். வருகிற தை மாதம், மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், விடியற்காலை ஐந்து மணி, ஆதனூரிலிருந்து.

நாதமுனிகளின் ஊரிலிருந்தல்லவா தொடங்க வேண்டும் என்று நண்பர் கேட்டார். அங்கே போய்விட்டுத்தான் போவோம், வழியில்தானே இருக்கிறது என்றான் மாணவன்.